நேற்றைய மழை

மழை விடுமா என்று என்னிடம் கேட்காதீர்கள், தம்பி. நேற்று எவ்வளவு பெய்தது என்று கேளுங்கள், சொல்கிறேன். திருத்துறைப்பூண்டியில் முப்பத்தொரு மில்லிமீட்டர். நேற்றுக் காலை எட்டரையிலிருந்து இன்று காலை எட்டரை வரைக்கும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. இனிமேல் பெய்யப்போகிற மழையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். போனைத் திறந்தால் ஆளாளுக்கு ஒரு வரைபடத்துக்கு முன்னால் நின்று கையை ஆட்டுகிறார்கள். பெய்த மழையைச் சொல்லத்தான் ஆள் இல்லை. நாங்கள் மூன்று பேர் சொல்லிக்கொண்டிருந்தோம். அதையும் போன மாதம் மூடிவிட்டோம்.

கடையையா? இல்லை தம்பி, கடை இருக்கிறது. மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் ஞானம் மெடிக்கல்ஸ். திருஞானம் என்றால் நான்தான். மூடியது ஒரு வெப்சைட். ‘நேற்றைய மழை’ என்று பேர். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, நிறையப் பேர் பார்த்ததில்லை.

அந்த ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், சாரல் உங்கள் மேல்தான் அடிக்கிறது. வேதாரண்யம் போய்ச் சேர நேரமாகும். ரோடு முழுக்கத் தண்ணீர், இந்த டிரைவர் பஸ்ஸை மாட்டு வண்டி மாதிரிதான் ஓட்டுவார். நீங்கள் எங்கே, தோப்புத்துறையா? டவர் வேலைக்கா? சரிதான். நானும் தோப்புத்துறைக்குத்தான் கிளம்பினேன்.

இந்தப் பையா? காலிப் பைதான். அங்கே ஒரு பொருளை வாங்கி வரவேண்டும். மழைமானி. ஒன்றும் பெரிய கருவி இல்லை. தகரத்தில் ஒரு உருளை, மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில். பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். மூன்று மழைமானி, மூன்றையும் ஒரே ஆளிடம், ஒரே அளவில், நான்தான் செய்யச் சொல்லி வாங்கினேன். ஒன்று என் வீட்டு மாடியில். ஒன்று ஆயக்காரன்புலத்தில் கலியபெருமாள் வீட்டில். அவன் அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான், வெப்சைட்டைக் கட்டியதும் நடத்தியதும் அவன்தான். மூன்றாவது தோப்புத்துறையில் நூருல் அமீன் வீட்டில். செருப்புக் கடை வைத்திருக்கிறார், குடையும் விற்பார். “மழை உங்களுக்கு மில்லிமீட்டரு டாக்டரே, எனக்குக் குடை” என்பார். மருந்துக் கடைக்காரன் என்பதால் நான் டாக்டர். கிண்டல் பிடித்த ஆள்.

எப்படிச் சேர்ந்தோம் என்றால், இதேமாதிரி பஸ்ஸில்தான். ஒரு மழை நாள், மூன்று பேரும் ஒரே சீட்டில். எங்கள் ஊரில்தான் மழை அதிகம் என்று அவர் சொல்ல, இல்லை எங்கள் ஊரில்தான் என்று கலியபெருமாள் சொல்ல, அளந்து பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். அவ்வளவுதான். அதில் ஆரம்பித்தது.

வேலை சுலபம். தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். அளந்ததை எனக்கு அனுப்ப வேண்டும். நான் சரிபார்த்துக் கலியபெருமாளுக்கு அனுப்புவேன், அவன் ஏற்றுவான். மழை பெய்யாத நாளிலும் அளக்க வேண்டும். அது முக்கியம். பூஜ்யமும் ஒரு அளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சித்திரை வைகாசியில் தினமும் பூஜ்யம், பூஜ்யம் என்று அனுப்பிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை வரும்? எங்களுக்கு வந்தது. கலியபெருமாள் சில நாள் ஒன்பது மணிக்கு எழுந்து பார்த்துவிட்டு எட்டரை என்று போடுவான், எனக்குத் தெரியும், திட்டுவேன். அமீன் அப்படி இல்லை. எட்டரைக்கு மேல் ஒரு நிமிஷம் போகாது.

அவரிடம் இருந்த ஒரே கோளாறு, நம்பரோடு நிறுத்த மாட்டார். “பூஜ்யம். இன்னைக்கு மத்தி மலிவு.” “ஏழு. எங்க வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கு, ரெண்டும் பெட்டை.” “பன்னெண்டு. ஷமீலாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, நீங்க குடுத்த மருந்துதான்.” ஷமீலா அவர் மகள். “நாப்பது. உப்பளத்துல பாத்தியெல்லாம் கரைஞ்சு போச்சு, பாவம், மூணு மாசப் பாடு.” தினமும் இப்படித்தான். நான் நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவேன். மழை பார்க்க வருகிறவனுக்கு மத்தி விலை எதற்கு? “பாய், குறிப்பெல்லாம் வேண்டாம், அளவு போதும்” என்று எத்தனையோ முறை சொன்னேன். “சரி டாக்டரே” என்பார். மறுநாள் காலையில் “பூஜ்யம். நீங்க சொன்னபடி இன்னைக்கு ஒண்ணும் எழுதல” என்று வரும்.

ஒழுங்கு என்று ஒன்று வேண்டுமில்லையா, தம்பி? மருந்துக் கடையில் சொட்டு மருந்தைக் கொஞ்சம் முன்னே பின்னே கொடுக்க முடியுமா? அதே மாதிரிதான் இது.

புயல் வந்த வருஷம் உங்களுக்குத் தெரியும். தோப்புத்துறை, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னை ஒன்று விடாமல் சாய்ந்தது. டவர் இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்தப் பக்கத்து அளவு இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான் என்று கலியபெருமாளிடம் சொல்லிவிட்டேன். சில நாள் கழித்து ஒரு லாரி டிரைவர் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். நிவாரணச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்புகிறவர். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “மருந்துக்கடை டாக்டரு நீங்கதானே? அமீன் பாய் சொல்லச் சொன்னாரு” என்று ஒரு நம்பரைச் சொன்னார். புள்ளியோடு. “வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன் சார், மறந்துடக் கூடாதுன்னு” என்றார்.

அந்தப் புயலிலும் அந்த ஆள் அளந்திருக்கிறார். அப்போது அவருக்கு ஓட்டு வீடு, மழைமானி கொல்லையில் இருந்தது. சுற்றிலும் மரம் விழுந்திருக்கிறது, அது மட்டும் நின்றிருக்கிறது.

“எட்டரைக்கு எடுத்ததா?” என்று கேட்டேன் டிரைவரிடம். “அது சொல்லல சார். வீட்டு ஓடெல்லாம் போச்சுன்னாரு” என்றார். சரி என்று போட்டுவிட்டேன், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டு. நட்சத்திரம் என்றால் உறுதி செய்யப்படாத அளவு என்று அர்த்தம். வாய்வழியாக வந்த நம்பரை வேறு எப்படிப் போட முடியும்? கலியபெருமாள் அதற்கும் சண்டைக்கு வந்தான். “அண்ணே, இதுக்குமா நட்சத்திரம்?” என்றான். “இதுக்கு இல்லாம வேற எதுக்கு?” என்றேன். அவனுக்கு உணர்ச்சி ஜாஸ்தி.

அமீன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “நட்சத்திரம் வாங்கிட்டேன் டாக்டரே, போலீஸ்ல சேந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது” என்று எழுதினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைக் கட்டினார். கான்கிரீட், மேலே ஒரு மாடி, மொட்டை மாடி. மழைமானியை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்று எழுதினார். நானும் நல்லது என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை. கடையை விட்டுவிட்டு எங்கே போவது?

போன வருஷம் ஷமீலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஷார்ஜாவில் வேலை. நானும் கலியபெருமாளும் போனோம். வாசலிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் நாலு பேரை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போக அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார். “வாங்க டாக்டரே, சரியான நேரத்துக்கு வந்தீங்க. நம்ம மிசினைக் காட்டப் போறேன்” என்றார். புது வேட்டி, புதுச் சட்டை, அத்தர் வாசனை. மேலே போனோம். கையில் போனை வைத்துக்கொண்டு வெப்சைட்டை அவர்களுக்குக் காட்டினார். “தோப்புத்துறைன்னு போட்டிருக்கு பாருங்க, அது நான்தான். மழை பேஞ்சா இந்தப் பக்கத்துக்கு நான் சொல்றதுதான் கணக்கு” என்றார்.

நான் மழைமானியைப் பார்த்தேன், தம்பி. ஒரு பக்கம் மாடிப்படி அறையின் சுவர். இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவில், சந்தில் நிற்கிற பிள்ளை மாதிரி மழைமானி. மழைமானிக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு இருந்தால், அது எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். வடகிழக்கிலிருந்து காற்றோடு சாய்ந்து வருகிற மழை, அந்த இடத்தில் பாதிகூட உள்ளே விழாது. வீடு கட்டி முடித்ததிலிருந்து அவர் அனுப்பிய அத்தனை அளவும் தப்பு.

“பாய், இது செல்லாது” என்றேன்.

“என்ன டாக்டரே?”

“இந்த இடம் செல்லாது. இங்க வச்சு எடுத்த அளவு ஒண்ணுமே செல்லாது.”

சம்பந்தி வீட்டுப் பெரியவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அமீன் சிரித்தார். “முதல்ல கீழ வந்து சாப்பிடுங்க. மழைக்கெல்லாம் இன்னைக்கு லீவு” என்றார். சாப்பிட்டோம். நெய்ச்சோறு நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. இரண்டு மழைக்காலத்து அளவு, தம்பி. போய்விட்டதே என்று இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போதே கலியபெருமாளிடம் சொன்னேன், எல்லாவற்றையும் அடித்துவிட வேண்டும் என்று. அவன், “அண்ணே, பாய்கிட்ட இடத்தை மாத்தி வைக்கச் சொல்லுவோம். பழசைப் பழசா விட்டுடுவோம். எத்தனை பேரு பாக்குறாங்க நம்மள?” என்றான். யாரும் பார்க்கவில்லை என்றால் தப்பு சரியாகிவிடுமா? அழித்தால் மறைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு அளவின் மேலும் சிவப்புக் கோடு போடச் சொன்னேன். மேலே ஒரு வரி, ‘தோப்புத்துறை: இந்த அளவுகள் நம்பத்தக்கவை அல்ல’ என்று. அவன் மாட்டேன் என்றான். நானே உட்கார்ந்து, தட்டுத் தடுமாறிப் போட்டேன். கல்யாணம் நடந்த அதே வாரத்தில் முடித்தேன். வேலையைத் தள்ளிப்போட்டுப் பழக்கமில்லை எனக்கு.

மறுநாள் எட்டரைக்கு அமீனிடமிருந்து வந்தது. “பூஜ்யம்.” அவ்வளவுதான். குறிப்பு ஒன்றும் இல்லை. நான்கூட நினைத்தேன், பரவாயில்லை, பாய் ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டார் என்று. அதற்கு மறுநாள் ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

போன் செய்தேனா என்றா கேட்கிறீர்கள்? நான் எதற்குச் செய்ய வேண்டும்? தப்பு என் மேல் இருந்தால் செய்யலாம். அளவு தப்பு என்று சொன்னேன், ஆள் தப்பு என்று சொல்லவில்லையே. இரண்டும் வேறு வேறு. இடத்தை மாற்றி வைத்திருக்கிறேன் என்று அவர் ஒரு வரி அனுப்பியிருந்தால் அன்றைக்கே சிவப்பை நிறுத்தியிருப்பேன். காத்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் எட்டரை ஆனால் போனை ஒருதரம் பார்ப்பேன். இப்போதும் பார்க்கிறேன், பழக்க தோஷம். கடையில் வேலை செய்கிற பெண்கூடக் கேட்டது, “யாரு சார் போன் பண்ணுவாங்க?” என்று.

அமீன் விலகியதும் கலியபெருமாளுக்கும் பிடிப்பு விட்டுப்போயிற்று. திருப்பூரில் வேலை கிடைத்தது, சென்டரை மூடிவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டான். மழைமானியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். இனி நான் ஒருவன்தான். நடத்தலாம் என்றுதான் சொன்னேன். “ஒரே ஒரு மாடியில பேஞ்ச மழைக்கு வெப்சைட் எதுக்குண்ணே? கடை வாசல்ல சிலேட்டுல எழுதிப் போடுங்க, போறவங்க படிக்கட்டும்” என்றான். போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மூடிவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

கடைசி அறிவிப்பையும் நான்தான் எழுதினேன். “பாயைப் பத்தி ஒரு வரி எழுதுங்கண்ணே” என்றான். எழுதினேன். ‘தோப்புத்துறை அளவுகளில், வீட்டின் கொல்லையில் எடுக்கப்பட்டவை மட்டும் நம்பத்தக்கவை’ என்று. அவன் அதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னான். “இதுவா அந்த ஒரு வரி?” என்றான். ஏன், நல்ல வரிதானே? மாடிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் செல்லும் என்று உலகத்துக்கே சொல்லியிருக்கிறேன். அந்தப் புயல் அளவிலிருந்த நட்சத்திரத்தைக்கூட எடுத்துவிட்டேன். அது யார் கண்ணிலும் படவில்லை.

அறிவிப்புக்குக் கீழே சில பேர் எழுதியிருந்தார்கள். உப்பளத்தில் மேஸ்திரி ஒருவர், நன்றி என்று. யாரோ ஒருவர், ‘இப்படி ஒரு தளம் இருந்ததே இன்றுதான் தெரியும்’ என்று. பிறகு ஒரு பெண். ஷமீலா. ஷார்ஜாவிலிருந்து எழுதியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். ‘அங்கிள், இங்கே காலையில் எழுந்ததும் இதைத்தான் பார்ப்பேன் என்று நினைத்திருந்தேன். வாப்பா நம்பர் வந்தால் மாடி ஏறிவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். போனில் கேட்டால் எப்போதும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார். நான் இங்கே வந்த பிறகு ஒரு நாள்கூட நம்பர் வரவில்லை. ஏன் அங்கிள்?’

இதற்கு நான் என்ன எழுதுவது, தம்பி? மழைமானி மழையை அளக்கிற கருவி. ஆள் எப்படி இருக்கிறார் என்று அளக்கிற கருவி இல்லை. அதை எப்படி அந்தப் பெண்ணுக்கு எழுதுவது? எழுதவில்லை. “அந்தப் புள்ளைக்குப் பதில் போட்டீங்களா?” என்று கலியபெருமாள் கேட்டான். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதற்குள் மூடுவதாகச் சொன்ன நாள் வந்து தளம் போய்விட்டது. இப்போது அந்தப் பேரை அடித்தால் ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று வருகிறது.

அமீன் வீட்டு மழைமானி மட்டும்தான் பாக்கி. குழு கலைந்தால் குழுவின் பொருள் ஒரு இடத்துக்கு வந்து சேர வேண்டும், அதுதான் முறை. கலியபெருமாளைக் கேட்டு வாங்கச் சொன்னேன். “நான் கேக்க மாட்டேன். வேணும்னா நீங்களே நேர்ல போயி வாங்குங்க” என்று சொல்லிவிட்டான். ஆனால் பாய் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான். அமீன் வீட்டில் அந்த அம்மா சொல்லியிருக்கிறார்கள், அவர் இன்னும் தினமும் காலையில் மாடிக்குப் போகிறாராம். சர்க்கரை ஏறிக் காலில் புண். படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்பதில்லையாம். மழைமானியைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, தண்ணீர்த் தொட்டியைக்கூட ஆள் வைத்து அந்தக் கோடிக்கு நகர்த்திவிட்டாராம். எப்போது நகர்த்தினார் என்று கேட்டாயா என்றேன். “போன வருஷமே. நீங்க சிவப்புக் கோடு போட்ட அன்னைக்கு” என்றான்.

போன வருஷமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லியிருந்தால் இந்த ஒரு வருஷத்து அளவும் நமக்குக் கிடைத்திருக்கும்.

அதோ, உப்பளம் வந்துவிட்டது பாருங்கள். எப்படி மூழ்கிக் கிடக்கிறது. இங்கே நேற்று எங்கள் ஊரை விட அதிகம்தான் பெய்திருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது, இருந்தாலும் தெரிகிறது.

தம்பி, நீங்கள் வேலையை முடித்துக்கொண்டு திரும்ப வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டுக்குத்தானே வரவேண்டும்? நான் அங்கே டீக்கடையில் இருக்கிறேன். இல்லை, நான் வரவில்லை. மழைமானியை இன்றைக்கு எடுக்க முடியாது. பெய்துகொண்டிருக்கும்போது மழைமானியைக் கழற்றக் கூடாது, அது ஒரு முறை. முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்னொரு நாள் வந்து பார்த்துக்கொள்கிறேன். இந்த வருஷம் மழை முடியட்டுமே. என்ன அவசரம்.

உங்களிடம் குடை இல்லை. டவருக்குப் போகிற வழியில் கடைத்தெருவில், பள்ளிவாசலைத் தாண்டினால் வாசலில் குடை தொங்கும் ஒரு செருப்புக் கடை. அவர்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு குடை வாங்குங்கள். வாங்கும்போது, “நேத்து எவ்வளவு பேஞ்சிச்சு பாய்” என்று சும்மா கேளுங்கள். யார் கேட்கச் சொன்னது என்று கேட்க மாட்டார். ஒரு நம்பர் சொல்வார். மறந்துவிடாமல், வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

எட்டரைக்கு எடுத்ததா என்றெல்லாம் கேட்க வேண்டாம்.

நம்பரோடு வேறு ஏதாவது சொல்வார். மீன் விலை, ஆடு, கால் வலி, எதையாவது. அதையும் விட்டுவிடாமல் வந்து சொல்லுங்கள், தம்பி.